3,500 சொற்களை மனப்பாடம் செய்து 146 வாங்கிய கதை

கோச்சிங் சென்டருக்கு 28,000 ரூபாய். தேர்வுக் கட்டணம் 22,000 ரூபாய் சொச்சம், அதையும் இரண்டு தடவை கட்டியாயிற்று. ஜெராக்ஸ், ஆன்லைன் மாதிரித் தேர்வுகள், படிப்பதற்காக எடுத்த சம்பளமில்லா விடுப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கியிருக்கலாம். வெளிநாட்டு மேல்படிப்புக்காக ஜிஆர்ஈ என்ற நுழைவுத் தேர்வு எழுதுகிற நம் ஊர் இன்ஜினியரிங் ஆட்களுக்குக் கணக்குப் பகுதி எப்படியோ வந்துவிடும். பணத்தையும் தூக்கத்தையும் தின்பது ஆங்கிலத்தைச் சோதிக்கும் வெர்பல் பகுதிதான். இதை எழுதுவதும் அந்த வெர்பலோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பவர்களுக்காகத்தான். நான் தயார் செய்த காலத்தில் இதையெல்லாம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

நான் அரியலூர் பக்கம் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். அப்புறம் திருச்சியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் வேலை. தங்கியிருந்தது தாம்பரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில். காலையிலும் மாலையிலும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் எனக்குக் கிடைத்த படிப்பு நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோச்சிங். முதல் வகுப்பிலேயே ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு தடிமனான கட்டைக் கையில் கொடுத்தார்கள். அகர வரிசையில் 3,500 ஆங்கிலச் சொற்கள், பக்கத்திலேயே ஒற்றை வரியில் பொருள். "ஒரு நாளைக்கு நூறு போடுங்கம்மா, ஒன்றரை மாசத்துக்குள்ள லிஸ்ட் முடிஞ்சிடும், அப்புறம் வெர்பல் தானா வரும்" என்றார் சார். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவளுக்கு அது தெம்பாகத்தான் இருந்தது. மனப்பாடம் நமக்குத் தெரியாத வித்தையா என்ன? செய்யுள் பகுதியை முழுக்க ஒப்பித்தவர்கள்தானே.

அந்தப் பட்டியலின் வரலாறு எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 2011 ஆகஸ்ட்டுக்கு முன்பு ஜிஆர்ஈயில் எதிர்ச்சொல் கேட்பார்கள். இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன உறவோ அதே உறவு வேறு எந்த ஜோடிக்கு இருக்கிறது என்றும் கேட்பார்கள். சொல்லின் பொருள் தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் இல்லை. அந்தக் காலத்துக்கு நீளமான பட்டியல் சரிதான். 2011இல் அந்த இரண்டு வகைக் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது சொற்களைச் சோதிப்பது வாக்கியத்துக்குள் வைத்துத்தான்: கோடிட்ட இடத்தை நிரப்பு, அல்லது ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் வாக்கியத்தை உண்டாக்கும் இரண்டைத் தேர்ந்தெடு. 2023 செப்டம்பரில் தேர்வை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கியபோது வெர்பல் மொத்தமே 27 கேள்வி என்று ஆனது, அதிலும் நீண்ட பத்தியைப் படித்து விடை சொல்வது கணிசம். தேர்வு இரண்டு முறை உருமாறிவிட்டது, ஜெராக்ஸ் கடையில் மட்டும் பட்டியல் உருமாறவில்லை. கோச்சிங்கில் பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் கொடுக்கும் சொல் பட்டியலை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வாக்கியமே இல்லாமல் சொல்லும் பொருளும் மட்டும் இருந்தால், 2011க்கு முந்தைய தேர்வுக்குத்தான் பணம் கேட்கிறார்கள்.

நூறு போடுகிற கதை எப்படிப் போனது? அகர வரிசையில் படித்தால் அபேஸ், அபாஷ், அபேட், அபெட், அபேயன்ஸ் என்று ஒரே மாதிரி முகம் கொண்டவை வரிசையாக வந்து நிற்கும். ஒன்று தாழ்த்துவது, ஒன்று கூச வைப்பது, ஒன்று தணிவது, ஒன்று குற்றத்துக்குத் துணை போவது, ஒன்று கிடப்பில் இருப்பது. வண்டலூர் தாண்டும்போது சரியாக இருந்தவை படப்பை வருவதற்குள் ஒன்றுக்கொன்று சட்டை மாற்றிக்கொண்டுவிடும். மறந்துபோகிறதே என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அதனால் ஏ, பி, சி வரிசைகளில் நான் புலி, எஸ்ஸுக்கு அப்புறம் பூச்சியம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்காத குறைதான் இது என்று வீட்டின் மேலும் ஊரின் மேலும் கோபம் வந்தது. ஆனால் பக்கத்துப் படுக்கைக்கார அக்கா ஊட்டியில் கான்வென்ட்டில் படித்தவர், அவருக்கும் எஸ் வரவில்லை. அது கொஞ்சம் ஆறுதல்.

மறப்பது ஒன்றும் தமிழ் மீடியத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோம் என்று அளந்து 1885இலேயே புத்தகம் போட்டிருக்கிறார். படித்த உடனே மறதி மளமளவென்று நடக்கிறது, பிறகு நிதானமாகிறது. மறக்கப் போகிற நேரத்தில் ஒரு தடவை நினைவுபடுத்திப் பார்த்தால் அடுத்த மறதி தள்ளிப்போகிறது. இதை வைத்து 1972இல் லைட்னர் என்பவர் அட்டைப் பெட்டி முறை ஒன்றைச் சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அது சில நாள் கழித்துத்தான் திரும்ப வரும். தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும், நாளைக்கே வந்து நிற்கும். அன்கி என்ற செயலி இதைத்தான் போனில் செய்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. ஒரு எச்சரிக்கை: உற்சாகத்தில் தினம் ஐம்பது புதுச் சொற்களை ஏற்றினால், அடுத்த வாரம் பழைய அட்டைகள் நூற்றுக்கணக்கில் வாசலில் நிற்கும். ஷிப்ட் வேலை பார்க்கிறவருக்குத் தினம் பதினைந்து புதுச் சொல் போதும்.

அடுத்தது ஞாபகத் தந்திரங்கள். இணையத்தில் இந்திய மாணவர்கள் எழுதி வைத்த தந்திரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆசையாகத் திறந்தால் பாதிக்கு மேல் ஹிந்தி! ஆங்கிலச் சொல்லில் ஏதோ ஒரு ஹிந்திச் சொல் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடித்துச் சிரித்தால் பொருள் ஒட்டிக்கொள்ளும். எனக்கோ அந்தத் தந்திரத்தை ஞாபகம் வைக்கத் தனியாக இன்னொரு தந்திரம் வேண்டும். கோச்சிங்கிலும் அதையே ஒப்பித்தார்கள். ஒரு நாள் வெறுத்துப்போய் நானே தமிழில் கட்ட ஆரம்பித்தேன்.

பார்ஸிமனி என்றால் கருமித்தனம்: பார்த்துப் பார்த்து 'மனி' செலவழிப்பது. கலிபிள் என்றால் எளிதில் ஏமாறுகிறவர். எழுத்துக் கூட்டினால் 'குல்லா' மாதிரி தொடங்கும், யார் வேண்டுமானாலும் குல்லா போட்டுவிடலாம். மாலிஃபை என்றால் சமாதானப்படுத்துவது: மல்லிப்பூ இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் கணவர். பாலியேட் என்றால் நோயைத் தீர்க்காமல் வேதனையை மட்டும் தணிப்பது: பல்வலிக்குக் கிராம்பு. கான்டாங்கரஸ் என்றால் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும் சிடுமூஞ்சி. எனக்குக் கண்டங்கத்திரிதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் தரையோடு படர்ந்து கிடக்கும், இலையெல்லாம் முள், எங்கே தொட்டாலும் குத்தும்.

இவை இன்றைக்கும் மறக்கவில்லை. வேற்றுமொழிச் சொல்லைத் தெரிந்த ஒலியோடும் ஒரு படத்தோடும் கட்டிவைக்கும் இந்த முறையை 1975வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் அட்கின்சனும் ராவும் ரஷ்யச் சொற்களை வைத்துச் சோதித்து, பலன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் சில சிக்கல்கள். ஒலி மட்டும் ஒத்துப்போய்ப் பொருள் அந்தப் படத்துக்குள் இல்லாவிட்டால் தந்திரம்தான் மனதில் நிற்கும், பொருள் நிற்காது. கிராம்பும் பல்லும் இருந்தால் போதாது, 'வலி குறைந்தது, சொத்தை அப்படியே இருக்கிறது' என்பது வரை அந்தப் படத்தில் இருக்க வேண்டும். கேள்வியில் மாட்டுகிற இடம் பெரும்பாலும் அந்த 'அப்படியே இருக்கிறது'தான். இன்னொன்று, எல்லாச் சொல்லுக்கும் தந்திரம் கட்டாதீர்கள். கட்டவும் நேரம் போகும், தேர்வு அறையில் ஒவ்வொன்றையும் அவிழ்க்கவும் நேரம் போகும். அட்டையில் மூன்று நான்கு முறை தப்பிய பிடிவாதக்காரச் சொற்களுக்கு மட்டும் போதும். உச்சரிப்பையும் அகராதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் வெகுநாள் 'மல்லிஃபை' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேர்ச்சொல் பக்கம் வந்தபோதுதான் எனக்கு முதல்முறையாக இந்தப் படிப்பு பிடித்தது. லத்தீனில் 'லோக்வி' என்றால் பேசுவது. லொக்வேஷியஸ் வாயாடி, எலக்வென்ட் நாவன்மை உள்ளவர், சலிலக்வி தனக்குத்தானே பேசுவது, சர்கம்லொக்யூஷன் சுற்றி வளைத்துப் பேசுவது, அப்லக்வி ஊரே சேர்ந்து ஏசுவது. ஒரே முடிச்சை அவிழ்த்தால் ஐந்து சொல். 'க்ரெக்' என்றால் மந்தை. க்ரிகேரியஸ் கூட்டத்தோடு சேர்ந்திருக்கப் பிடித்தவர், செக்ரிகேட் மந்தையிலிருந்து பிரிப்பது, எக்ரீஜியஸ் மந்தையை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அளவுக்கு மோசமானது. இது ஒரு காலத்தில் 'தனித்துச் சிறந்த' என்ற நல்ல பொருளில்தான் இருந்ததாம்.

இதில் நமக்கு என்று ஒரு வசதி இருக்கிறது, அதை எந்தக் கோச்சிங்கிலும் சொல்லவில்லை. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786இல் சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். தமிழ் அந்தக் குடும்பம் இல்லை. ஆனால் நாம் புழங்கும் வடசொற்கள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். அநியாயம், அகிம்சை என்பதில் முன்னால் நிற்கும் 'அ'வும், அனார்க்கி (ஆட்சியின்மை), அபதி (அக்கறையின்மை) என்பதில் நிற்கும் 'அ'வும் ஒரே 'அ'. அநாமதேயத்தைப் பாருங்கள்: 'அ'வும் நாமமும். அனானிமஸ்: 'அன்'னும் கிரேக்கப் பெயர்ச்சொல் 'ஓனொமா'வும். இரண்டு பாதியுமே உறவு! துர்நாற்றத்தின் 'துர்'தான், மோசமான கற்பனை உலகைச் சொல்லும் டிஸ்டோபியாவின் 'டிஸ்'. வட்டப் பரிதியின் 'பரி'தான், சுற்று விளிம்பைச் சொல்லும் பெரிஃபெரியின் 'பெரி'. உபரிதான் கிரேக்கத்தில் ஹைப்பர், லத்தீனில் சூப்பர். சூப்பர்ஃப்ளுவஸ் என்றால் தேவைக்கு மேல் வழிவது, அதாவது உபரி. இதைக் கண்டுபிடித்த அன்று பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தாவது கணக்குப் புத்தகத்திலும் ரேஷன் கடைப் பேச்சிலும் பாதி லத்தீனும் கிரேக்கமும் ஏற்கெனவே நம்மிடம் கிடக்கிறதே என்று தோன்றியது. (அவரிஸ் என்றால் பேராசை, தமிழிலும் 'அவா' இருக்கிறதே என்று குதிக்க வேண்டாம். அது தற்செயல் ஒற்றுமை. ஆனாலும் ஞாபகம் வைக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மூளை சொந்தபந்தம் விசாரிக்காது.)

குதித்து முடித்ததும் வழுக்கியது. எனர்வேட் என்ற சொல். 'நெர்வ்' இருக்கிறது, ஒலி எனர்ஜி மாதிரி இருக்கிறது, ஆகவே உற்சாகமூட்டுவது என்று எவரும் நினைப்பார். உண்மையில் நரம்பை உருவி எடுப்பது, பலவீனப்படுத்துவது என்று பொருள். நாய்ஸம் என்பதில் சத்தமே கிடையாது, அது தொந்தரவு செய்வது என்று பொருள்படும் 'அனாய்' என்ற சொல்லின் மிச்சம், குமட்டும் நாற்றத்தைச் சொல்ல வருவது. 'பெட்' என்றால் லத்தீனில் கால், நம் பாதத்தின் உறவு. பெடஸ்ட்ரியன் நடந்து போகிறவர், அது சரி. பீடியாட்ரிக்கில் இருப்பதோ கிரேக்கக் குழந்தை, காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதோடு ஜிஆர்ஈயில் பெடஸ்ட்ரியன் வந்தால் நடைபாதையைத் தேடாதீர்கள். 'இந்த எழுத்தாளரின் நடை பெடஸ்ட்ரியன்' என்றால் சவசவ என்று இருக்கிறது என்று பொருள். இன்ஜீனியஸ் புத்திசாலி, இன்ஜென்யுவஸ் வெகுளி. வேரை வைத்துக் கேள்விக்கு விடை சொல்லக் கூடாது, பொருளை அகராதியில் பார்த்த பிறகு அதை மனதில் நிறுத்தத்தான் வேர். இந்த வரிசையை மாற்றினால் எனர்வேட் மாதிரிச் சொற்கள் குழியில் தள்ளிவிடும். தேர்வு வைக்கிறவர்களுக்கும் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு எழுதிய முதல் தேர்வில் வெர்பல் 146. மதிப்பெண் 130இலிருந்து 170 வரைக்கும்தான் என்பது தெரிந்தால் அந்த எண் எப்படி வலித்திருக்கும் என்று புரியும். திரையில் எண் வந்ததும் காது அடைத்துக்கொண்டது. அப்பாவுக்கு போன் செய்து "கணக்குல நல்லா வந்திருக்குப்பா" என்று மட்டும் சொன்னேன். அவரும் வேறெதுவும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, நினைவில் இருந்த கேள்வி வகைகளை எழுதிப் பார்த்தேன். தெரியாத சொற்களால் போனது கொஞ்சம்தான். பாதிக்கு மேல் போனது தெரிந்த சொற்களால். க்வாலிஃபைட் என்றால் தகுதி பெற்ற என்று தெரியும், 'க்வாலிஃபைட் பாராட்டு' என்றால் ஆனால்-போட்டுப் பாராட்டுவது என்று தெரியாது. ஃப்ளாக் கொடி, ஆனால் வினையாக வந்தால் சோர்ந்துபோவது. அரெஸ்ட், செக் இரண்டும் தடுத்து நிறுத்துவது. சாங்ஷன் அனுமதியாகவும் வரும், தண்டனையாகவும் வரும். இவை எதுவும் 3,500 பட்டியலில் கிடையாது, 'எளிய' சொற்கள் அல்லவா. அதோடு மூன்று கோடு விட்ட கேள்விகள். மூன்றும் சரியாக இருந்தால்தான் மார்க், இரண்டு சரி என்றால் பூச்சியம். அங்கே 'ஆயினும்', 'அதனால்', 'கூட' போன்ற இணைப்புச் சொற்களைப் பிடித்து வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். சொல் தெரிவது அதற்குப் பிறகுதான்.

மறுபடி தயாரானபோது கோச்சிங் போகவில்லை. பட்டியலை எடைக்குப் போட்டேன். அட்டையின் முன்பக்கம் தனிச் சொல்லை எழுதுவதை நிறுத்தி, அந்தச் சொல் வரும் வாக்கியத்தில் கோடு விட்டு எழுதினேன். பின்பக்கம் சொல்லும், ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறியும், வேரோ தந்திரமோ இருந்தால் அதுவும். அந்தக் குறி ரொம்ப உதவியது. ஒரு சொல்லின் பொருள் மங்கலாக இருந்தாலும் அது பாராட்டா வசையா என்று தெரிந்தால் ஐந்தில் மூன்றைத் தள்ளிவிடலாம். ஒரே பொருள் தரும் சொற்களைக் கும்பலாகச் சேர்த்தேன்: டாசிடர்ன், ரெடிசென்ட், லக்கோனிக் எல்லாம் வாய் திறக்காத கோஷ்டி. ஆறில் இரண்டு எடுக்கும் கேள்விக்கு இந்தக் கும்பல்தான் கைகொடுக்கும். ஆனால் கும்பலுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. லக்கோனிக் ஆள் பேசுவார், இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். ஸ்பார்ட்டா இருந்த பகுதிக்கு லக்கோனியா என்று பெயர், அங்கே அளந்து பேசுவது பழக்கமாம்.

இந்த மாதிரிக் கதை உள்ள சொற்களுக்கு எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. 1880இல் அயர்லாந்தில் குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்த நில முகவர் கேப்டன் பாய்காட்டோடு ஊரே அன்னம் தண்ணீர் புழங்காமல் ஒதுக்கி வைத்தது, அவர் பெயரே சொல்லாகிவிட்டது. டெக்சாஸில் சாமுவேல் மேவரிக் தன் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடாமல் விட்டார், எந்த மந்தையிலும் சேராதவருக்கு மேவரிக் என்று பெயர் வந்தது. கிரேக்கப் புராணத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாத டான்டலஸிடமிருந்து வந்ததுதான் டான்டலைஸ், அதாவது ஆசை காட்டி ஏங்க வைப்பது. இவற்றை ஒரு தடவை படித்தால் போதும்.

வாக்கியங்களுக்காகத் தினம் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை படித்தேன், பெரும்பாலும் அறிவியலும் வரலாறும். முதலில் ஒரு பத்தி தாண்டுவதற்குள் கண்ணைக் கட்டும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்காமல், என்னவாக இருக்கும் என்று ஊகித்து ஓரத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் சரிபார்த்தேன். தேர்வு நடத்துகிற அமைப்பே தரும் இலவச மாதிரித் தேர்வு இரண்டையும் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொண்டேன். நான் காசு கொடுத்து எழுதிய மற்ற மாதிரிகளில் சொற்கள் வேண்டுமென்றே கடினமாகவும் வாக்கியங்கள் சப்பையாகவும் இருந்தன. தேர்வில் தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள். முதல் பிரிவில் எப்படிச் செய்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பிரிவின் கடினம் அமையும், அதனால் முதல் பன்னிரண்டு கேள்விகளில் அவசரம் வேண்டாம்.

இரண்டாம் முறை 157. பெரிய சாதனை இல்லை, எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு தெரிந்த ஒரு விஷயம் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நான் விண்ணப்பித்த துறைகளில் சில ஜிஆர்ஈயைக் கேட்கவே இல்லை. 2020க்குப் பிறகு நிறையப் பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என்று மாற்றிவிட்டன, சில அடியோடு எடுத்துவிட்டன. கோச்சிங்கில் சேருவதற்கு முன்பே, நீங்கள் போக நினைக்கும் துறையின் பக்கத்தைத் திறந்து இந்த ஒரு வரியைத் தேடிவிடுங்கள். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதி வைப்பதும் மோசமில்லை.

என்னுடைய அட்டைகளைக் கேட்டுத் தெரிந்தவர்கள் சிலர் வாங்கிப் போனார்கள். வாக்கியங்களும் கும்பல்களும் உதவியதாகச் சொன்னார்கள். தந்திரங்கள் மட்டும் யாருக்கும் ஒட்டவில்லை. அண்ணா நகரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, "அக்கா, கண்டங்கத்திரின்னா என்ன, கத்திரிக்கா வெரைட்டியா?" என்று கேட்டான். கான்டாங்கரஸுக்கு நீயே ஒன்று கட்டிக்கொள்ளடா என்றேன். அவன் தன் வீட்டு ஓனர் பெயரை வைத்து ஏதோ கட்டியிருக்கிறான், சொல்ல மாட்டேன் என்கிறான்.